கிணறும் பைப் தண்ணியும்: கொழும்பு வீட்டில ரெண்டையும் சேர்த்து நடத்துறது எப்பிடி

வெள்ளவத்தையில கடல் பக்கம் இறங்குற ஒழுங்கை ஒண்டில தான் நாங்கள் இருக்கிறம். சில வருசத்துக்கு முந்தி ஒரு பெப்ரவரி மாசம், பைப் தண்ணி ஒண்டரை நாளைக்கு வராது எண்டு அறிவிச்சாங்கள், உடன ஒழுங்கையில கிணறு இருக்கிற எட்டு வீட்டிலயும் ஒரே நேரத்தில மோட்டரைப் போட்டு மேல் டாங்கி, கீழ் டாங்கி, பரல், வாளி, குழந்தைப்பிள்ளை குளிக்கிற பேசின் வரைக்கும் நிரப்பினம். பின்னேரம் நாலு மணி போல எங்கட கிணத்தில ஃபுட்வால்வ் (மோட்டர் தண்ணி இழுக்கிற பைப்பின்ட அடி வாய்) காத்தை இழுக்கத் தொடங்கிட்டுது. விடிய தண்ணி ஊறி நிண்டது, ஆனா அம்மா அதில வாய் கொப்பளிச்சுப்போட்டு "இது உப்புக் கரிக்குதடா" எண்டு சொன்னா. சவர்க்காரம் போட்டால் நுரை வரேல்ல. அந்த உப்பு இறங்க சித்திரை மழை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டி வந்திட்டுது.

அதுக்குப் பிறகு தான் நான் இந்த விசயத்தை ஒழுங்காப் படிக்க வெளிக்கிட்டன். படிச்சு, செய்து பாத்து, பிழைச்சு, திருப்பிச் செய்ததை இதில எழுதுறன். கிணறும் இருந்து பைப் லைனும் இருக்கிற வீட்டுக்காரருக்கு, ஃபிளட்ஸ் கமிட்டியில இருக்கிற ஆக்களுக்கு, கிணத்தை மூடிப்போட்டு அதுக்கு மேல கார் பார்க் போடுவம் எண்டு யோசிக்கிறவைக்கு (தயவு செய்து போடாதேங்கோ) எல்லாருக்கும் இது உதவும் எண்டு நினைக்கிறன்.

முதல்ல ஒரு விசயம் மனசில ஏறவேணும், இது ஏறாட்டி மிச்சம் ஒண்டும் வேலை செய்யாது. ஆத்துத் தண்ணி வேற, கிணத்துத் தண்ணி வேற எண்டு நாங்கள் நினைக்கிறம், ரெண்டும் ஒரே தண்ணி தான். கொழும்புக்கு பைப்பில வாற தண்ணியில பெரிய பங்கு களனி கங்கையில இருந்து அம்பத்தலையிலயும் பியகமயிலயும் சுத்திகரிச்சு வருது, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்கள்ல இருந்தும் வருது, தெற்கால பாணந்துறைப் பக்கம் களு கங்கைத் தண்ணி. சரி, மழையே இல்லாத மாசத்தில களனியில என்ன தண்ணி ஓடுது? மேல காசல்ரீ, மவுஸ்ஸாகலையில இருந்து கரண்டுக்குத் திறந்து விடுறது ஒரு பங்கு. மற்றது, மழை காலத்தில மலையிலயும் கரையிலயும் மண்ணுக்க இறங்கின தண்ணி மெல்ல மெல்லக் கசிஞ்சு ஆத்துக்கு வாறது, அது நிலத்தடித் தண்ணி தானே. வெள்ளம் வரேக்க இது மாறி நடக்கும், ஆறு கரை மண்ணுக்குத் தண்ணி குடுக்கும், அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் ஏறும்.

உப்பும் அப்பிடித்தான். ஆத்தில ஓட்டம் குறைஞ்சால் மட்டக்குளி முகத்துவாரத்தால கடல் தண்ணி ஆத்தின்ட அடியால மேல ஏறும், கன காலமா மணல் அள்ளி அள்ளி ஆத்துப் படுக்கை பள்ளமாப் போனதால இன்னும் லேசா ஏறும், அது அம்பத்தலையில தண்ணி எடுக்கிற இடத்துக்கு வந்திடக்கூடாது எண்டு தான் ஆத்துக்குக் குறுக்க உப்புத் தடுப்புப் போட வேண்டி வந்தது. அதே மாசத்தில, அதே காரணத்தால, எங்கட ஒழுங்கைக் கிணத்துக்கு அடியிலயும் உப்பு ஏறுது. அதால பைப் தண்ணி குறையிற நேரமும் கிணறு கூடுதலாப் பயப்பட வேண்டிய நேரமும் ஒண்டாத் தான் வரும். பைப் நிண்டால் கிணறு இருக்குத் தானே எண்டு அந்த நாள்ல யோசிக்கத் தொடங்கினால் எங்களுக்கு நடந்தது தான் உங்களுக்கும் நடக்கும். ஆயத்தம் நவம்பரிலயே தொடங்க வேணும்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இது புதுசில்ல. நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத் தண்ணி எண்டு சின்னனில இருந்து கேட்டு வளந்திருப்பீங்கள். குளத்தைத் தூர்த்தால் சுத்துவட்டாரக் கிணறு சவராப் போகும் எண்டு ஊரில கிழவிமாரே சொல்லுவினம். கொழும்புக்கு வந்து பைப்பைத் திறக்கப் பழகின பிறகு அந்த அறிவை நாங்கள் கையோட விட்டிட்டம், அது தான் எனக்குக் கவலை.

கடலோரத்தில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து கொண்டு தான் இருக்கு. கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டால், கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மேல அரை அடி குறைஞ்சு அப்பிடியே நிண்டால் கீழ இருக்கிற உப்பு காலப்போக்கில 20 அடி மேல வரப் பாக்கும். மேல தெரியிற சின்னக் குறைவு கீழ எவ்வளவு பெரிசு எண்டு பாருங்கோ, அதால தான் அளக்கச் சொல்லுறன்.

அளக்கிறது

மீட்டர், மெசின் ஒண்டும் வேண்டாம். நைலோன் நூல் 30 அடி வாங்குங்கோ, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு, அஞ்சாவது அடிக்குச் சிவப்பு நூல் கட்டுங்கோ. நுனியில மீன் பிடிக்கிற ஈயக்குண்டு ஒண்டும், அதுக்குக் கொஞ்சம் மேல மருந்துப் போத்தல் மூடி ஒண்டைக் கவிழ்த்து நடுவில ஓட்டை போட்டுக் கோத்து விடுங்கோ. ஏன் மூடி எண்டால், கவிழ்ந்த மூடி தண்ணியில படேக்க "டொப்" எண்டு சத்தம் வரும், இருட்டுக் கிணத்தில கண்ணால பாக்க ஏலாது, காதால தான் அளக்கிறது. ரெண்டு தரம் தூக்கித் தூக்கி விட்டுப் பாத்தால் கை பழகிடும், சத்தம் வாற இடத்தில நூலை நுள்ளிப் பிடிச்சு, கிணத்துக் கட்டில பெயின்டால போட்ட புள்ளியில வைச்சு முடிச்சை எண்ணுங்கோ. எப்பவும் அதே புள்ளி. ஞாயித்துக்கிழமை விடிய, யாரும் மோட்டர் போட முந்தி. எங்கட வீட்டில மகள் தான் அளக்கிறா, பழைய அப்பியாசக் கொப்பி ஒண்டில திகதி, அடி, அந்தக் கிழமை மழை பெஞ்சதா இல்லையா, மூண்டும் எழுதுவா. ஒரு வருசம் எழுதினால் போதும், உங்கட கிணறு எந்த மாசம் ஏறுது, எந்த மாசம் இறங்குது, மழை பெஞ்சு எத்தனை நாளால ஏறுது எண்டு வேற யாரும் சொல்லத் தேவையில்லை.

உப்புக்கு டிடிஎஸ் பேனை (தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற சின்னக் கருவி) ஒண்டு வாங்குங்கோ, ஆன்லைனிலயும் கிடைக்கும், ஹார்ட்வெயார் கடையிலயும் சில இடத்தில இருக்கு. அது காட்டுற நம்பரைப் பெரிசா நம்ப வேண்டாம், அது கூடுதா குறையுதா எண்டதை நம்புங்கோ. கடல் தண்ணியில ஒரு லீட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கு, அதாவது 35,000 பிபிஎம் (பத்து லட்சத்தில 35,000 பங்கு). அப்ப உங்கட கிணத்தில நூத்தில ஒரு பங்கு கடல் தண்ணி கலந்தாலே பேனையில 350 கூடிடும். 200 லீட்டர் பரலுக்க 2 லீட்டர் கடல் தண்ணி, அவ்வளவு தான், அதுக்கே இந்த மாத்தம். குடிக்கிற தண்ணிக்கான இலங்கைத் தரத்தில குளோரைட் லீட்டருக்கு 250 மில்லிகிராம் தான் எல்லை, நூத்தில ஒரு பங்கு கடல் தண்ணியே அதில 190 அளவைப் பிடிச்சிடும். நாக்குக்கு உப்புத் தெரியிற நேரம் விசயம் கை மிஞ்சிப் போயிருக்கும், பேனை அதுக்கு முந்திச் சொல்லும். மேல் தண்ணியையும் அடித் தண்ணியையும் தனித்தனியா எடுத்துப் பாருங்கோ, அடி கூடிக்கொண்டு வந்தால் உப்பு கீழால வருது எண்டு அர்த்தம்.

அடுத்தது கிணறு எவ்வளவு குடுக்கும் எண்டது. 5 அடி விட்டமான வட்டக் கிணத்தில ஒரு அடி உயரத் தண்ணி எண்டால் சுமார் 550 லீட்டர், 4 அடி விட்டமெண்டால் 350 லீட்டர் போல. மோட்டரைப் போட்டு 2 அடி இறக்கிப்போட்டு நிப்பாட்டுங்கோ, பழைய இடத்துக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாருங்கோ. 5 அடிக் கிணறு, மூண்டு மணித்தியாலம் எடுத்தால், மணிக்கு 350, 370 லீட்டர் ஊறுது. அதைவிடக் கெதியா இறைச்சால் நீங்கள் ஊறுற தண்ணியை எடுக்கேல்ல, இருப்பைத் தான் எடுக்கிறீங்கள். இந்தச் சோதனையைப் பெப்ரவரியில செய்யுங்கோ, நவம்பரில செய்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாத் தான் தெரியும்.

எந்த மாசம் எந்தத் தண்ணி

வெளிநாடுகள்ல பெரிய அளவில இதைச் செய்யிறவை சொல்லுற விதி லேசானது, ஆறு நிறைய ஓடேக்க ஆத்துத் தண்ணியைப் பாவி, நிலத்தை நிரப்ப விடு, ஆறு வத்தேக்க நிலத்தில இருந்து எடு. கலிபோர்னியாவில ஒரேஞ்ச் கவுன்ரி எண்ட இடத்தில 1976ல இருந்து சுத்திகரிச்ச கழிவுத் தண்ணியைக் கூட கடலோரத்தில நிலத்துக்க செலுத்தி உப்பு உள்ள வராமல் தடுத்தவை. ஆனா அந்த விதியை அப்பிடியே எடுத்துக் கொழும்பில போட ஏலாது, ஏனெண்டால் அங்க நிலத்துக்க இருக்கிற இடம் பெரிசு, வருசக் கணக்கில சேர்த்து வைக்கலாம், எங்கட கரையோர மணலில இருக்கிறது மெல்லிய ஒரு படை. ஒக்டோபர், நவம்பர் மழையில அது நிரம்பினால் மேல வாறதெல்லாம் வெள்ளவத்தை வாய்க்காலுக்கும் கடலுக்கும் தான் போகும், நீங்கள் இறைக்காமல் விட்டாலும் மிச்சம் பிடிக்க ஏலாது.

அதால நான் இப்பிடிச் செய்யிறன். மே, ஜூனில தென்மேல் பருவமழை பெய்யேக்கயும், ஒக்டோபரில இருந்து நவம்பர் நடுப்பகுதி வரைக்கும், டொய்லட், உடுப்புத் தோய்க்கிறது, நிலம் கழுவுறது எல்லாத்துக்கும் கிணத்துத் தண்ணி தான், தாராளமா. எடுத்ததை மழை ரெண்டு நாளில நிரப்பிடும், வாட்டர் பில்லும் இறங்கும். நவம்பர் கடைசியில இருந்து கிணத்துக்கு ஓய்வு. டிசம்பர் முழுக்கப் பைப் தண்ணி, அப்ப ஆத்தில ஓட்டம் இருக்கு. இந்தக் கட்டத்தில தான் கனபேர் பிழை விடுறது, கிணறு வாய் வரைக்கும் நிக்குதே எண்டு தோட்டத்துக்குக் குழாய் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ரெண்டையும் கலந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நாள் 200 லீட்டர் படி பத்து நாள் எடுத்தால் கிணறு ஒண்டும் சொல்லாது, பத்து நாளும் சும்மா இருந்திட்டு ஒரே நாளில 2,000 லீட்டர் உறிஞ்சினால் தான் கீழ இருக்கிற உப்பு கூம்பு மாதிரி மேல கிளம்பும். எங்கட கிணத்துக்கு நாங்கள் வைச்ச எல்லை, கட்டில இருந்து 11 அடி. 11வது முடிச்சுக்குக் கீழ போனால், இல்லாட்டி பேனை வழமையைவிட 150 கூடினால், மோட்டருக்கு லீவு. உங்கட எல்லையை உங்கட கொப்பி சொல்லும்.

மோட்டர் விசயமும் இதோட சேர்ந்தது. ஒரு குதிரைவலு மோட்டர் போட்ட வீட்டில அரைக் குதிரைவலு காணும், மெல்ல இழுக்கிறது தான் கிணத்துக்கு நல்லது. ஃபுட்வால்வை அடியில கொண்டு போய் வைக்காதேங்கோ, அடியில தான் சேறும் உப்பும் இருக்கு, சேத்தில இருந்து குறைஞ்சது மூண்டடி மேல தூக்கிக் கட்டினால், தண்ணி குறையேக்க மோட்டர் தானா காத்து இழுத்து உங்களுக்குச் சொல்லும், ஆனா அதைக் கேட்டு உடன நிப்பாட்ட வேணும், இல்லாட்டி மோட்டர் எரிஞ்சிடும். மிதவைச் சுவிட்ச் ஒண்டு போட்டால் அந்தத் தலையிடியும் இல்லை.

பைப் வேலை

இதில விட்டுக்குடுப்பு இல்லை. கிணத்து லைனும் வாட்டர் போர்ட் லைனும் எந்த இடத்திலயும் நேரடியா முட்டக் கூடாது. வால்வ் போட்டிருக்குத் தானே, நொன் ரிட்டேர்ன் (தண்ணியைத் திரும்பிப் போக விடாத வால்வ்) போட்டிருக்குத் தானே எண்டு பிளம்பர் சொல்லுவார், அந்த வால்வுக்க ஒரு மணல் துணிக்கை மாட்டினால் காணும். லைனில அமுக்கம் இறங்குற நேரம் உங்கட கிணத்துத் தண்ணி ரோட்டுப் பைப்புக்குப் போய் முழு ஒழுங்கையும் குடிக்கும். ரெண்டு தண்ணியும் ஒரே டாங்கிக்குத் தான் வர வேணும் எண்டால், வாட்டர் போர்ட் பைப்பின்ட வாய் டாங்கியில தண்ணி நிக்கிற உச்ச மட்டத்துக்கு மேல, பைப் விட்டத்தைப் போல ரெண்டு மடங்கு இடைவெளி விட்டு நிக்க வேணும், காத்துக்கால தண்ணி விழுறதைக் கண்ணால பாக்கக் கூடியதா இருக்க வேணும். அதே மாதிரி வாட்டர் போர்ட் லைனில நேரா மோட்டரைப் போட்டு இழுக்கிறதும் கூடாது, வெடிச்ச பைப்புக்கால கான் தண்ணியையும் சேர்த்து இழுத்துக் குடுக்கும். சம்ப்புக்கு (கீழ் டாங்கிக்கு) வரட்டும், சம்ப்பில இருந்து இழுங்கோ.

ஏலுமெண்டால் ரெண்டு மேல் டாங்கி வையுங்கோ, ஒண்டு கிணத்துக்கு, ஒண்டு பைப்புக்கு. கிணத்து டாங்கியில இருந்து டொய்லட் ஃபிளஷ், வோஷிங் மெசின், வெளிப் பைப். குசினியும் குளிக்கிறதும் மற்றதில. புது வீடு கட்டுறவை இதை மேசன் பாஸிட்ட முதல் நாளே சொல்லிப்போடுங்கோ, டைல்ஸ் பதிச்ச பிறகு லைன் பிரிக்கிறது பெரிய செலவு. கிணத்து லைனுக்கு வேற நிறப் பெயின்ட் அடிச்சு விட்டால் பத்து வருசத்துக்குப் பிறகு வாற பிளம்பர் உங்களைக் கும்பிடுவார்.

குடிக்கிறதுக்குக் கிணத்துத் தண்ணி சரியோ எண்டு எல்லாரும் கேப்பினம். கொழும்புக்குள்ள நான் வேண்டாம் எண்டு தான் சொல்லுவன். கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடியாவது வேணும் எண்டு சொல்லுவினம், 6 பேர்ச் காணி எண்டால் சுமார் 1,600 சதுர அடி, சதுரமா இருந்தாலே ஒரு பக்கம் 40 அடி தான், உங்கட குழி தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கட மதிலோட இருக்கும். கொதிக்க வைச்சால் கிருமி சாகும், மலக்குழியில இருந்து கசிஞ்சு வாற நைட்ரேட் போகாது, வத்த வத்தக் கூடும். அதுவும் பால்மா கரைச்சுக் குடுக்கிற கைக்குழந்தை இருக்கிற வீட்டில கிணத்துத் தண்ணியைக் கிட்ட எடுக்காதேங்கோ. நுகேகொட, தெஹிவளை மேட்டுப் பக்கம் கபுக்கல் (செம்பூராங்கல்) நிலத்தில இரும்புக் கறையும் வரும், வெள்ளை உடுப்பு மஞ்சளாகும், அதுக்குத் தண்ணியைத் தூவி விழ விட்டு ஒரு நாள் அடைய விட்டால் கனக்கக் குறையும்.

மழையைக் கிணத்துக்கு அனுப்புறது

எடுக்கிறதை மட்டும் கதைச்சால் காணாது, குடுக்கவும் வேணும். கொழும்பில வருசத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில மழை பெய்யுது. 1,000 சதுர அடிக் கூரையில அது 220 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 1,000 லீட்டர்) மேல, சிந்துறது தெறிக்கிறதைக் கழிச்சால் கூட 175 யூனிட் தேறும், உங்கட வாட்டர் பில்லை எடுத்து வருசத்துக்கு எத்தனை யூனிட் எரிக்கிறீங்கள் எண்டு பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. இவ்வளவும் இப்ப கூரைப் பீலியால இறங்கி, முத்தத்துச் சீமெந்தால ஓடி, கானுக்குப் போய், காலி ரோட்டில முழங்கால் தண்ணியா நிக்குது. 2005ல அரசாங்கம் மழைநீர்க் கொள்கை கொண்டு வந்து, 2007ல நகர அபிவிருத்திச் சட்டத்தையும் திருத்தி, நகரப் பகுதியில புதுசாக் கட்டுற கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு வேணும் எண்டு ஆக்கினது, பிளான் பாஸ் பண்ண வரைபடத்தில ஒரு டாங்கி கீறுறதோட அது பல இடத்தில முடிஞ்சு போகுது எண்டது தான் வேதனை.

செய்யிற முறை மண்ணைப் பொறுத்தது. எங்கட பக்கம் மாதிரி கடல் மணல் எண்டால், கிணத்தில இருந்து பத்தடி தள்ளி, மூண்டடி அகலம் அஞ்சடி ஆழத்தில ஒரு குழி, மலக்குழி இல்லாத பக்கமாப் பாத்து. அடியில கருங்கல்லு, அதுக்கு மேல சின்னச் சல்லி, மேல ஒரு அடி சுத்தமான மணல், சல்லிக்கும் மணலுக்கும் இடையில நெட் ஒண்டு, அப்ப தான் மணல் கீழ இறங்காது. பீலியில இருந்து வாற பைப்பில, குழிக்கு முந்தி ஒரு கிளை விட்டு அடியில மூடி போட்ட நிமிர்ந்த பைப் ஒண்டு வையுங்கோ, முதல் மழையில வாற காகத்தின்ட எச்சம், இலை, தூசி எல்லாம் அதுக்க தங்கும், பெஞ்சு முடிய மூடியைத் திறந்து விடலாம். கூரைத் தண்ணியை நேரடியாக் கிணத்துக்க விடாதேங்கோ, மணலுக்கால போய்ச் சேரட்டும். வளவு கழுவுற தண்ணி, கார் கழுவுற தண்ணி, ரோட்டுத் தண்ணி ஒண்டும் அந்தக் குழிக்குப் போகக் கூடாது. மணலின்ட மேல் ரெண்டு இஞ்சியை வருசத்துக்கு ஒருக்கா, செப்டெம்பரில, சுரண்டி மாத்துங்கோ.

கபுக்கல் நிலத்தில தண்ணி மெல்லத் தான் இறங்கும், குழி கொஞ்சம் பெரிசா வேணும். கொலன்னாவ, ராஜகிரிய மாதிரிச் சதுப்பு ஒட்டின இடத்தில குழி வெட்டாதேங்கோ, ரெண்டடியிலயே தண்ணி நிக்கும், நீங்கள் விடுறது திரும்ப வீட்டுக்க தான் வரும், அங்க நிலத்துக்கு மேல வைச்ச டாங்கியில மழையைப் பிடிக்கிறது தான் வழி. உந்தச் சதுப்பெல்லாம் சும்மா கிடக்கிற நிலம் எண்டு நினைக்க வேண்டாம், மழையைப் பிடிச்சு வைச்சு மெல்ல விடுற பெரிய டாங்கி அது தான், 2018ல கொழும்பை ராம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்டு அங்கீகரிச்சதும் அதால தான்.

டெங்குவை மறக்காதேங்கோ. பீலி தொய்ஞ்சு ஒரு சாண் தண்ணி நிண்டாலும் நுளம்பு முட்டை போடும், டாங்கி வாய், கிணத்து வாய், கிளைப் பைப் வாய் எல்லாத்துக்கும் நுளம்பு நெட் கட்டுங்கோ, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்டம் எழுத முந்தி.

ஒழுங்கையோட சேர்ந்து செய்யிறது

நீங்கள் மட்டும் ஒழுங்கா இருந்து பிரயோசனமில்லை, எட்டு வீட்டுக் கிணறும் ஒரே மணலுக்க தான் ஊறுது. அந்தப் பெப்ரவரிக்குப் பிறகு நாங்கள் வட்ஸ்அப் குரூப் ஒண்டு போட்டம், முதல்ல மூண்டு வீடு தான் சேர்ந்தது, முன் வீட்டு அன்ரி "என்ட கிணத்துக்கு நான் ஏன் ஆரிட்டயும் கேக்க வேணும்" எண்டு சொன்னா, அவவிட கேள்வியிலயும் ஞாயம் இருக்கு, ஆனா எங்கட மோட்டர் ஓடேக்க அவவிட கிணத்தில நூலை விட்டுக் காட்டினன், அரை மணித்தியாலத்தில நாலு விரல் இறங்கினதை அவவே பாத்தா. இப்ப அவ தான் எல்லாருக்கும் ஞாபகப்படுத்துறவ. பைப் தண்ணி நிக்கும் எண்டு அறிவிச்சால் முறை வைச்சு இறைக்கிறம், ஒரு வீட்டுக்கு 20 நிமிசம், பிறகு அடுத்த வீடு, கடலுக்குக் கிட்ட இருக்கிற கடைசி ரெண்டு கிணறும் அந்த நாள்ல இறைக்கிறதில்லை, அவைக்கு மேல இருக்கிற வீட்டில இருந்து குழாய் போடுறம். ஏனெண்டால் உப்பு முதல்ல வாறது அந்த வாசலால.

ஃபிளட்ஸில இருக்கிறவைக்கு: உங்கட குழாய்க் கிணறு ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுது எண்டு கமிட்டியில கேட்டுக் குறிச்சு வையுங்கோ, 40 வீட்டுத் தண்ணியை ஒரே துளையால உறிஞ்சினால் சுத்தியிருக்கிற கிணறெல்லாம் பாதிக்கப்படும். பவுசர் காசு மிச்சம் எண்டு இன்னொரு துளை போட முந்தி நீர்வளச் சபையிட்ட ஆலோசனையும் அனுமதியும் எடுங்கோ. சம்ப்பில ரெண்டையும் கலக்கிறீங்கள் எண்டால் கணக்கு லேசு, பைப் தண்ணி 60, கிணறு 700 எண்டு பேனை காட்டினால் பாதிக்குப் பாதி கலந்தால் 380, மூண்டுக்கு ஒண்டு கலந்தால் 220. ஆனா கலந்த தண்ணி குடிக்கிற தண்ணி இல்லை எண்டு எல்லா வீட்டுக்கும் சொல்லிப்போடுங்கோ.

இன்னொண்டு, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கட ஒழுங்கைக்குப் பின்னால மாடிக் கட்டடம் ஒண்டுக்கு ரெண்டு தட்டு நிலக்கீழ் கார் பார்க் வெட்டேக்க, ஏழெட்டு மாசமா இரவு பகலா நல்ல தண்ணியைப் பம்ப் பண்ணிக் கானுக்க விட்டாங்கள். எங்கட கிணறு கொப்பியில ஒருநாளும் எழுதாத நம்பருக்கு இறங்கிச்சு, பின் மதில் வெடிச்சது. கேக்கப் போன நேரம் "மழை குறைவு தானே" எண்டாங்கள். அப்ப கை குடுத்தது மகளின்ட கொப்பி தான், மழை பெஞ்ச கிழமையிலயும் கிணறு இறங்கின கணக்கு திகதியோட இருந்தது, அதைப் போட்டோக் கொப்பி அடிச்சு எட்டு வீடும் கையெழுத்து வைச்சுக் குடுத்த பிறகு தான், இறைக்கிற தண்ணியில ஒரு பங்கை எங்கட பக்க எல்லையில குழி வெட்டித் திரும்ப நிலத்துக்க விட ஒத்துக்கொண்டவை. உங்கட பக்கத்தில அப்பிடி வேலை தொடங்குது எண்டால், தொடங்க முந்தியே அளந்து, மதிலையும் போட்டோ எடுத்து வையுங்கோ, தண்ணியை நிலத்துக்குத் திருப்பி விடுறதைப் பற்றி அத்திவாரம் வெட்ட முந்திக் கேளுங்கோ.

வெள்ளம் வந்தால்

2016 மே மாச வெள்ளத்தில களனிக் கரையில கிணறுகள் எல்லாம் மூழ்கினது ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிஞ்ச உடன கிணத்தை அடி காண இறைக்காதேங்கோ, சுத்தி மண் ஊறிக் கிடக்கும், உள்ளுக்குத் தண்ணி இல்லாட்டி வளையம் சரிஞ்சு விழும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில கிணத்தைத் திரும்பத் திரும்ப இறைச்ச இடங்கள்ல உப்பு குறையாமல் கீழால இன்னும் வந்தது, கடைசியில மழை தான் அதைக் கழுவினது. சுத்தி நிலம் காய்ஞ்ச பிறகு மெல்ல மெல்ல இறைச்சு, சேறு எடுத்து, உள் சுவரை பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, ஊற விட்டு, பிறகு குளோரின் போட வேணும். 70 வீத குளோரின் தூள் எண்டால் 1,000 லீட்டருக்கு 70 கிராம், 5 அடிக் கிணத்தில ஆறடித் தண்ணி நிண்டால் 230 கிராம் வரும். வாளித் தண்ணிக்குத் தூளைப் போடுங்கோ, தூளுக்குத் தண்ணியை ஊத்தாதேங்கோ, கையுறை போட்டு, மூஞ்சையைத் தள்ளி வைச்சு, கரைச்சு அடைய விட்டு மேல் தண்ணியை மட்டும் கிணத்துக்குச் சுத்தி ஊத்தி, வாளியால கலக்கி விட்டு ஒரு முழு நாள் விடுங்கோ. அடுத்த நாள் மணம் போகும் வரைக்கும் மெல்ல இறைச்சு வெறும் நிலத்தில விடுங்கோ, வாய்க்காலுக்க விட்டால் மீன் சாகும். தூள் பிஎச்ஐ கந்தோரில கேட்டால் குடுப்பினம். பைப் லைனுக்கும் வெள்ளம் பட்டிருந்தால் 1939க்கு அடிச்சு வாட்டர் போர்ட்டுக்குச் சொல்லுங்கோ, சம்ப்பையும் கழுவுங்கோ, கிணத்தை மட்டும் கழுவி சம்ப்பை விட்டால் பிரயோசனமில்லை. ரெண்டு கிழமையால ஒருக்கா லாப்பில சாம்பிள் குடுத்து ஈகோலை (மலத்தால வாற கிருமி) இல்லை எண்டு வந்த பிறகு தான் எங்கட வீட்டில குளிக்கவே பாவிச்சது, அந்த ரிசல்ட் தாளையும் கொப்பிக்க ஒட்டி வைச்சிருக்கிறம்.